இறாலுக்குப் பதிலடி

“இன்னிக்கு அவங்க ஊர்ல ஒரு ஃபேன்கூடச் சுத்தக் கூடாது. வேர்த்து விறுவிறுத்து, தானா வந்து நம்ம கால்ல விழணும்!”

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தார் வர்த்தகத் துறை ஆலோசகர். வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. அவர் வயிறு அதைவிட அதிகமாக எரிந்தது.

எரியாதா பின்னே? உங்கள் நாட்டு இறால் இனி எங்களுக்கு வேண்டாம் என்று பக்கத்து நாடு திடீரென்று கையை விரித்துவிட்டது. மற்றவர்களுக்கு எப்படியோ, ஆலோசகரின் அண்ணனுக்கு அது தலையில் விழுந்த இடி. ஏற்றுமதிக்கென்று வாங்கிய சரக்கு மொத்தமும் அவருடைய குளிர்பதனக் கிடங்கில் முடங்கிவிட்டது. வீடு அடமானத்தில் இருக்கிறது. ஆட்களுக்குக் கூலி கொடுக்கக் கிடங்கின் ஜெனரேட்டரையும் விற்றாயிற்று.

காலையில்கூட அண்ணன் போனில் புலம்பினார். “ரெண்டு நாடும் உட்கார்ந்து பேசி முடிக்கிற வரைக்கும் சரக்கு கெடாம இருந்தா போதும்டா தம்பி, பொழைச்சுக்குவேன். கெட்டுச்சுன்னா நானும் உன் அண்ணியும் நடுத்தெருதான்.”

அப்பா போன பிறகு தன் படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியைப் படிக்கவைத்தவர் அந்த அண்ணன். அவர் குரல் உடைந்ததைக் கேட்டதும் ஆலோசகர் போனை வைத்துவிட்டுக் கிளம்பினார். நேரே மேலிடத்துக்குப் போய், கெஞ்சிக் கூத்தாடி, உத்தரவு வாங்கிவிட்டார். எல்லை தாண்டும் மின்சார இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அவன் இறாலை நிறுத்தினான், நாம் கரண்டை நிறுத்துவோம்!

அந்த வேலைக்கு அவரை விட்டால் வேறு ஆள் ஏது? ஒரு காலத்தில் இதே நிலையத்தில் இன்ஜினியராக இருந்தவர் அவர். “இந்த லைனை இழுத்ததே நான்தான்யா. அப்ப நம்ம அணையில தண்ணி தளும்பும். நமக்குப் போக மிச்சத்தை இது வழியாத்தான் அவங்களுக்கு வித்தோம். நம்ம கரண்டுல குளுகுளுன்னு உட்கார்ந்துக்கிட்டு நம்ம இறாலையே வேண்டாம்கிறானா!” என்று வழியெல்லாம் டிரைவரிடம் பொருமித் தீர்த்தார். டிரைவர், அணைக்குள் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளை வேடிக்கை பார்த்தபடி தலையை ஆட்டிவைத்தார்.

“இது ரகசிய உத்தரவு. எல்லாரும் வெளிய போங்க” என்றார் ஆலோசகர், அறையில் இருந்தவர்களிடம்.

“சார், ஒரு நிமிஷம்...” என்று இழுத்தார் பொறுப்பு இன்ஜினியர்.

“நீங்க ஸ்கூல் போறப்பவே இங்க வேலை பார்த்தவன் நான். எனக்கே பாடமா? போங்கன்னா போங்க!”

கதவைச் சாத்தியதுதான் தாமதம், மேசைமேல் இருந்த நேரடித் தொலைபேசி அலறியது. எல்லைக்கு அந்தப் பக்கத்து மின்நிலைய இன்ஜினியர். விஷயம் எப்படியோ அதற்குள் கசிந்திருந்தது.

“சார், இணைப்பை வெட்டப் போறீங்களாமே? வேண்டாம் சார்.”

“இப்பதான் உறைக்குதோ?”

“இந்த வெயில்ல ஜனங்க துடிச்சுப் போயிடுவாங்க சார். ஆஸ்பத்திரி இருக்கு, பச்சைக் குழந்தைங்க இருக்கு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்...”

“எங்க நல்லதை நாங்க பார்த்துக்குவோம். இந்தக் கரிசனம் இறாலை நிறுத்தும்போது எங்க போச்சு?”

“இறாலுக்கும் எனக்கும் என்ன சார் சம்பந்தம்? தயவுசெஞ்சு முதல்ல உங்க மீட்டரை ஒரு தடவை...”

டொக்கென்று ரிசீவரை வைத்தார். நமக்கே மீட்டர் பார்க்கச் சொல்லித் தருகிறான், கொழுப்பைப் பார்!

இருந்தாலும் பார்த்தார். நல்ல பெரிய எண்ணாகவே ஓடிக்கொண்டிருந்தது. அடேயப்பா, இவ்வளவு கரண்டா! எண்ணுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு. தூசி என்று நினைத்துக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். போகவில்லை. “ஒரு கண்ணாடியைத் துடைக்கக்கூட இங்க ஆள் கிடையாது” என்று முணுமுணுத்தார்.

சுவிட்சில் கை வைத்தார். பச்சைக் குழந்தைங்க என்ற வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தொலைபேசி மறுபடியும் அலறத் தொடங்கியது. கூடவே யாரோ வெளியிலிருந்து கதவைத் தட்டினார்கள். எங்கே மனசு மாறிவிடுமோ என்று அவருக்கே பயம் வந்துவிட்டது. அண்ணனையும் அண்ணியையும் நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துத் திருகினார்.

வெளியே டமார் என்று ஒரு சத்தம். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. அறைக்குத் தனி பேட்டரி இருந்ததால் உள்ளே எந்த மாற்றமும் இல்லை.

முடிந்தது! ஆலோசகருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அலறும் தொலைபேசியை அலறவிட்டு, செல்போனில் அண்ணனைக் கூப்பிட்டார்.

“அண்ணே, உங்க வயித்துல அடிச்சவங்களைப் பழி வாங்கிட்டேண்ணே! இனிமே அவங்களே வந்து கெஞ்சி இறால் வாங்குவாங்க பாருங்க!”

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். “கதவைத் திறக்காதீங்க, கதவைத் திறக்காதீங்க” என்று யாரோ கத்துவது கேட்டது. அதற்கு நடுவே அண்ணனின் குரல் பதறியது.

“அப்புறம் பேசுறேன்டா தம்பி... கிடங்குல திடீர்னு கரண்டு போயிடுச்சு!”