மைக் மேல் ஒரு பல்லி

பாட்டுப் பதிவு செய்கிற அறையில் ஒரு பல்லி தன்னந்தனியாக இருந்தது. ஒரு நாள் அது மைக் மேல் ஏறி, "ச்சு ச்சு" என்றது. யாரோ அணைக்க மறந்துபோன மெஷின் அந்தச் சத்தத்தை வாங்கி, இழுத்து நீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திருப்பி விட்டது. தூறல் விழுகிற மாதிரி அறை முழுக்கப் பல்லிக் குரல்கள்.

"அடேயப்பா, எனக்கு இத்தனை சொந்தக்காரங்களா?" என்றது பல்லி.

"எல்லாம் உன் குரல்தான் தாயி. அடுக்கினது மட்டும்தான் நான்," என்றது மெஷின்.

"உனக்குப் பொறாமை. சும்மா இரு."

அன்றிலிருந்து மைக்கில் கத்துவதும் அந்தக் குரல்களைக் கேட்பதுமே பல்லிக்கு வேலையாகிவிட்டது. பூச்சி பிடிக்கக்கூடப் போவதில்லை.

ஒரு மாலை, மழை விட்டதும், ஜன்னல் இடுக்கில் வேறொரு பல்லி தலையை நீட்டியது.

"அக்கா, வெளியே லைட்டைச் சுத்தி ஈசல் மொய்க்குது. எனக்குத் தனியாத் தின்னப் பிடிக்கல. வர்றீங்களா?"

அந்தக் கரகரத்த குரலும் மைக்கில் விழுந்து, தூறலுக்கு நடுவே கல் விழுந்த மாதிரி கேட்டது.

"நல்லாப் போய்க்கிட்டிருந்ததைக் கெடுத்துட்டியே. போ அந்தப் பக்கம்," என்று பல்லி விரட்டியது. பிறகு மெஷினிடம், "அவ குரலை அழிச்சிடு," என்றது.

மெஷின் அழித்தது. மறுபடியும் பல்லியின் குரல்கள் மட்டும் தூறலாக விழுந்தன.

பல்லி வயிறு ஒட்டக் கேட்டுக்கொண்டே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டது: "இத்தனை பேர் இருக்காங்களே, ஒருத்தராவது என்னைச் சாப்பிடக் கூப்பிட மாட்டாங்களா?"

"நீ முதல்ல கூப்பிடு," என்றது மெஷின்.

பல்லி மைக் பக்கம் நகர்ந்து, "வா, சாப்பிடலாம்," என்றது.

"வா, சாப்பிடலாம்," என்று எல்லாக் குரலும் ரொம்ப அழகாகச் சொல்லின. யாரும் வரவில்லை.