ஹிபாவின் பையில் ஒரு பழம்பொரி

"ஹிபா, பையைத் திற."

ரித்தின் போட்ட அதட்டலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். சாயங்கால ஓட்டம் முடிந்து மைதானத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம்.

"எதுக்கு?"

"எதுக்கா? வாசனை ஊரையே தூக்குது. திற."

திறந்தாள். செய்தித்தாளில் சுற்றிய பழம்பொரி ஒன்று, நேந்திரம்பழ பஜ்ஜி. எண்ணெய் கசிந்து கணக்குப் புத்தகம் வரை இறங்கியிருந்தது.

எங்கள் ஹெல்த் கிளப்பை நடத்துவது நாங்களேதான். டீச்சர் கையெழுத்துப் போடுவதோடு சரி. மதியம் கீரையும் பயறும், சாயங்காலம் ஓட்டம், வெள்ளிக்கிழமை எடை; அதைப் பார்த்து அறிவிப்பது ரித்தின். எடை குறைந்தால் கைதட்டல். பேக்கரிப் பலகாரத்தோடு பிடிபட்டால் கிளப் பேட்ஜைக் கழற்றி வெளியே அனுப்பிவிடுவோம். எல்லார் முன்னாலும், தலைவி கையாலேயே.

தலைவி ஆர்த்ரா. பிளஸ் ஒன்னில் ஹிபாவும் அவளும் ஒரே பெஞ்சு. மதியம் தன் முட்டையை எங்களைப் போன்ற சின்னவர்களுக்குப் பங்கு வைத்துவிட்டு, "எனக்குப் போதும்டீ, நீங்க வளர்ற பிள்ளைங்க" என்பாள். நாங்கள் ஓடிக் களைத்து உட்கார்ந்த பிறகும் அவள் ஓடிக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமைக் கைதட்டலில் பாதி அவளுக்கே போய்விடும்.

ஹிபாவுக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. கிளாஸில் அவளுக்கு 'லாரி' என்று பெயர். கிளப்புக்குள் மட்டும் யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று ஆர்த்ரா சட்டம் போட்டிருந்தாள். அதற்காகவே மழையானாலும் வந்துவிடுவாள் ஹிபா. அந்தப் பச்சை பேட்ஜை வீட்டுக்குப் போகும்போதுகூடக் கழற்ற மாட்டாள்.

"தினம் வாங்குறா. வடகரை பஸ் ஸ்டாண்டுல என் கண்ணால பார்த்தேன்," என்றான் ரித்தின். "நமக்குக் கீரை, மகாராணிக்குப் பழம்பொரி."

"யாருக்கு வாங்கினீங்க சேச்சி?" என்று கேட்டேன். தம்பிக்கு, தங்கச்சிக்கு என்று எதையாவது சொல்லித் தொலைத்துத் தப்பிக்க மாட்டாளா என்றிருந்தது எனக்கு.

ஹிபா ஆர்த்ராவைப் பார்த்தாள். ஆர்த்ரா குனிந்து ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்தாள்.

"எனக்குத்தான்," என்றாள் ஹிபா.

"கேட்டுக்குங்க. வெட்கங்கெட்டவ."

ஆர்த்ரா எழுந்து வந்தாள். பேட்ஜின் ஊக்கு லேசில் வரவில்லை. அவள் அதை இழுத்துப் பார்த்தாள்.

"இரு, குத்திக்கப் போறே," என்று ஹிபாவே கழற்றி அவள் கையில் வைத்தாள்.

பழம்பொரியை மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினான் ரித்தின். காக்காய்கள் வந்துவிட்டன.

"கூட்டாளின்னுகூடப் பார்க்கல பாரு. ஆர்த்ரா சேச்சின்னா சேச்சிதான்," என்று பேசிக்கொண்டே கலைந்தோம்.

மறுநாளிலிருந்து ஹிபா கம்பி வேலிக்கு வெளியே வந்து நின்றாள். "லாரியை ஓரங்கட்டுங்கப்பா" என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். அந்தச் சட்டமெல்லாம் இனி அவளுக்கு ஏது? அப்படியும் போகவில்லை. இவ்வளவு கேட்டும் ஏன்தான் வந்து நிற்கிறாளோ என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை ஆர்த்ரா எடை மிஷினில் ஏறினாள்.

"ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு. ஒரே வாரத்துல," என்று ரித்தின் அறிவித்தான்.

மைதானம் அதிரத் தட்டினோம். விசில் வேறு. ஆர்த்ரா சிரித்தாள். இறங்குவதற்காக மிஷின் கம்பியைப் பிடித்தவள், பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சந்தோஷத்துல கால் நிக்கல," என்றான் ரித்தின். நாங்கள் இன்னும் பலமாகத் தட்டினோம்.

ஹிபா வேலியைப் பிடித்து உலுக்கினாள். அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

"தட்டாதீங்க, பாவிங்களா. அதை அவளுக்குத்தான் வாங்கினேன். வெளியே சொன்னா அதையும் தொட மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. நாள் முழுக்க அவ வயித்துக்குள்ள போனது அந்த ஒரு பழம்பொரிதான். நீங்க தூக்கி எறிஞ்ச நாள்லேருந்து அதுவும் வேண்டாங்கறா."