ரங்கூனிலிருந்து வந்தவன்

சுவாமிதாஸ் வாசலில் நின்று கூப்பிட்டபோது ரத்னாபாய் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தாள். அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் தெருமுனைவரை பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"கேறி வா மக்களே. கால் கழுவு. சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

அவளுடைய ஒரே மகன் யோசுவாவும் சுவாமிதாஸும் ரங்கூனில் ஒரே அரிசி ஆலையில் கணக்கெழுதியவர்கள். நகரத்தில் குண்டு விழுந்த பிறகு இருவரும் சேர்ந்துதான் ஊரைப் பார்க்க நடக்கத் தொடங்கினார்கள். காடு, மலை, அப்புறம் மழை.

மெட்ராஸில் ரயில் ஏறியதிலிருந்து சுவாமிதாஸ் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கும்போதும், பாளையம் வரை நடந்தபோதும் அது நாக்கில் இருந்தது.

இப்போது அதைத் தொடங்கினான். "மாமி, யோசுவா..."

அவள் அதற்குள் பின்வாசலுக்குப் போய்விட்டாள்.

பர்மா அரிசி வருவது நின்றதிலிருந்து திருவனந்தபுரத்தில் பல வீடுகளில் மரச்சீனிக் கிழங்குதான் சாப்பாடு. வேலிக்கு அந்தப்புறம் நின்ற சுசீலாபாயிடம் அவள் அரிசி கேட்பது அவனுக்குக் கேட்டது.

"யோசுவாக்க கூட்டாளி வந்திருக்கான். கிழங்கையா போட முடியும்?"

குரல் தெளிவாக இருந்தது. சுவாமிதாஸ் நினைத்துக்கொண்டான்: மகன் பின்னால் வருகிறான் என்று நினைத்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில்தான் கடன் வாங்கிச் சமைக்கிறாள்.

சோறு கொதிக்கும் மணம் வந்தது. இந்த நேரத்திலும் தனக்குப் பசிக்கிறதே என்று அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

இலை போட்டாள். சோறு, சுட்ட கருவாடு, தேங்காய்த் துவையல். கண்ணை மூடி ஜெபம் செய்தாள். வழியில் இவனைக் காத்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

அவன் குனிந்தபடியே சாப்பிட்டான். பானையைச் சாய்த்து மறுபடியும் போட்டாள். அதையும் சாப்பிட்டான். மகனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதவரை நல்லது என்றிருந்தது அவனுக்கு.

கை கழுவிவிட்டு வந்தபோது அடுக்களையில் புகை மண்டியிருந்தது.

ரத்னாபாய் எரிந்துகொண்டிருந்த அடுப்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். கடைசிக் கங்கும் அணைந்த பிறகு செம்பைக் கவிழ்த்து வைத்தாள். வந்து அவன் எதிரே தரையில் உட்கார்ந்து முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இனி சொல்லு மக்களே. எந்த இடத்துல வச்சு போனான்?"

சுவாமிதாஸுக்கு அந்த வாக்கியம் மறந்துபோயிற்று.

"நீ ஒத்தைக்கு வந்து நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு," என்றாள். "உன் வாயால சொல்லியாச்சுன்னா பின்ன இது சாவு வீடு. அடுப்பு பத்த வைக்க முடியாது. அவ்வளவு தூரம் நடந்து வந்த பிள்ளைய நான் பட்டினியா போடவா?"