செகண்ட் ஹேண்ட் கேம்

மனைவியின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும், காய்ச்சல் என்று இழுத்துப் போர்த்தியிருந்தவன் போர்வையை உதறிவிட்டு எழுந்தான். கதவைத் தாழிட்டு, ஜன்னல் திரையை மூடி, தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்ததை வெளியே எடுத்தான்.

முந்தின நாள் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய கேம் சிடி. கார் பந்தயம்.

இனி கேம் பக்கமே போவதில்லை என்று போன மாதம்தான் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்து, இருந்த சிடி அத்தனையையும் விற்றிருந்தான். நாளெல்லாம் முகம் தெரியாதவர்களுக்குப் பதில் தட்டிவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் புருஷனின் முதுகுதான் பார்க்கக் கிடைத்தது. எந்தக் கம்பெனிக்காக என்றோ, இன்றைக்கு வேலை எப்படி என்றோ அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"இன்னொரு தடவை அது முன்னால உட்கார்ந்தீங்கன்னா, நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். ஆனாலும் ஆசை யாரை விட்டது?

சிடி நன்றாகத்தான் ஓடியது. ஒரு மணி நேரம் தனியாக ஓட்டிவிட்டு நண்பர்களோடு ஆன்லைனில் சேரப் போனபோது திரை வழிமறித்தது. இந்தச் சிடியை முதலில் வாங்கியவரே அதன் ரகசிய எண்ணைப் பயன்படுத்திவிட்டாராம். இவன் தனியாக ஆக்டிவேஷன் கட்டணம் கட்ட வேண்டுமாம்.

கார்டில் கட்டினால் மெசேஜ் நேராக அவள் போனுக்குப் போகும். சிடி வாங்கிய கடைக்காரரைப் போனில் கூப்பிட்டால், விற்ற சிடியைத் திரும்ப வாங்குவதில்லை என்று கையை விரித்துவிட்டார். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். யாரிடம் போய் அழுவது?

கடைசியில் கேம் கம்பெனியின் உதவி சாட்டுக்குள் நுழைந்தான். 'தென்றல்' என்ற பெயரில் ஒருத்தி வணக்கம் சொல்லி மொபைல் எண் கேட்டாள். கொடுத்தான். இந்த எண் சரிதானா என்று இரண்டு முறை கேட்டாள்.

பிறகு, சிடி எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். புத்தம் புதுசு என்று புளுகினான். ரசீது கேட்டாள். பரிசாக வந்தது, ரசீது இல்லை என்றான். தந்தவரிடமே கேட்டு வாங்கலாமே சார் என்றாள்.

தந்தது என் மனைவி, அவள் இப்போது உயிரோடு இல்லை, அவள் நினைவாக மிச்சமிருப்பது இது ஒன்றுதான் என்று தட்டிவிட்டான். அனுப்பிய பிறகுதான் அழிக்கப் பார்த்தான். ஆனால் அனுப்பியதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

பதிலுக்கு ஒரு வரி வந்தது. உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் சார், சற்றுக் காத்திருக்கவும். அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தான்.

போன் அடித்தது. மனைவி. இரண்டு முறை இருமி, காய்ச்சல் குரலை வரவழைத்துக்கொண்டு எடுத்தான்.

"ஏங்க, நான் எப்ப செத்தேன்?"