ஆளுக்கு ஒரு பெட்டி

டார்லாவைப் பார்த்ததும் வெண்டல் சட்டென்று குனிந்து, அடுக்கி வைத்திருந்த ரப்பர் பூட்ஸுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அறுபது வயது முழங்கால் முனகியது. வேறு வழியில்லை. "பெரிய கடைக்குப் போகாதீங்க, நம்ம டார்லா கடையிலயே வாங்குங்க" என்று ஊர்த் துப்பாக்கிக் கிளப்பில் மாதா மாதம் முழங்குகிறவனே அவன்தான்.

சுட்ட குப்பிகளில் மறுபடி வெடிமருந்து நிரப்பி, தோட்டாவைத் தானே செய்துகொள்கிற ஊர் அது. குப்பி, மருந்து, குண்டு எல்லாம் வீட்டு மேஜையில் தயார். குப்பியின் அடியில் பொருத்தி மருந்தைப் பற்றவைக்கிற பிரைமருக்குத்தான் ஒரு வருஷமாகத் தட்டுப்பாடு. டார்லா ஆளுக்கு ஒரு பெட்டிதான் தருவாள். அவன் பங்கு தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை எல்க் மான் வேட்டை ஆரம்பம். யாரிடமும் சொல்லாமல் பில்லிங்ஸ் நகரம் வரை வந்து, இந்தப் பெரிய கடையில் ஒரு பெட்டியைக் கையில் எடுத்தாயிற்று.

இவள் எதற்கு இங்கே?

எட்டிப் பார்த்தான். டார்லா பில் போடும் வரிசையில் நின்றிருந்தாள். அவள் கையிலும் ஒரு பிரைமர் பெட்டி.

வெண்டலுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைக்காரி இன்னொரு கடையில் வந்து வாங்குவாளா?

அப்போதுதான் உறைத்தது. அவள் தரும் பெட்டிகளில் எப்போதும் ஓரத்தில் காகிதம் கிழிந்த தழும்பு இருக்கும். இந்தக் கடையின் விலைச் சீட்டைச் சுரண்டி எடுத்த இடம்.

இவளுக்காகவா தொண்டை கிழியக் கத்தினேன்? நாளைக்கே கிளப்பில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவள் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். மூடட்டும்.

ஒளிந்திருப்பதே மறந்துபோய் எழுந்து அவளிடம் போனான்.

"நல்லாயிருக்கு டார்லா. உன் குடோன் இதுதானா?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "நீயா? பெரிய கடைப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்னு சொன்ன மகராசன், இங்க என்ன பண்றே?"

"பேச்சை மாத்தாதே. இங்க வாங்கிட்டுப் போய் எங்க தலையில மிளகா அரைக்கிறே."

"கத்தாதே. கையில வெச்சிருக்கியே, அதுல என்ன விலைன்னு பாரு."

பார்த்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"தப்பா ஒட்டிட்டாங்களா?"

"இல்ல."

"உன்கிட்ட இதைவிடக் கம்மியாச்சே."

"போன வருஷ விலை."

"நஷ்டத்துக்கு விக்கிறதுக்கு ஒரு கடையா? உனக்கென்ன பைத்தியமா?"

"மொத்த வியாபாரி இவங்களுக்குத்தான் அனுப்பறான். நான் போன் பண்ணா எடுக்கிறதில்ல. பிரைமர் இல்லேன்னா நீங்க எல்லாரும் இங்க வந்துடுவீங்க. வந்தவங்க மருந்து, குண்டு எல்லாத்தையும் இங்கயே வாங்கிடுவீங்க. அப்புறம் என் கடை எதுக்கு?"

"ஓ, அப்ப உன் பிழைப்புக்குத்தான்." வெண்டலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"பின்னே? அதோட, நம்ம கிளப்பு ஏர்லுக்கு ஒரு கண்ணு போயிடுச்சு. பனியில மலைப் பாதை இறங்கி இவ்வளவு தூரம் வருவானா? ஃப்ரீசர்ல கறி இல்லேன்னா குளிர் முடியற வரைக்கும் அவன் வீட்டுல என்ன திம்பாங்க?"

வெண்டல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான்.

"கிளப்புல மூச்சு விட்டுடாதே. நஷ்டத்துல தர்றேன்னு தெரிஞ்சா, ஏர்ல் முதக்கொண்டு ஒருத்தன் வாங்க மாட்டான். நம்ம ஆளுங்க வறட்டு கௌரவம் உனக்குத் தெரியாதா?"

"அடுத்து வாங்க மேடம்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "ஆளுக்கு ஒண்ணுதான்."

"தெரியும் கண்ணு. வாரா வாரம் நீயும் சொல்றே, நானும் கேக்கறேன்."

டார்லா பணம் கட்டினாள். பின்னாலேயே வெண்டலும் கட்டினான். அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, தன் பெட்டியை அவள் பைக்குள் நழுவவிட்டான்.

பிறகு தலையிலிருந்த ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிவிட்டு, இன்னொரு பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கவுண்டர் வரிசையின் கடைசியில் போய் நின்றான்.