சொக்கம்மாள் அடித்த அணா

சொக்கம்மாள் அடித்த கள்ளத் துட்டை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கோர்ட்டு மேசையில் கொட்டினார்கள். கடகடவென்று உருண்டதே தவிர, ஒன்றாவது கலீர் என்று சத்தம் போடவில்லை. எப்படிப் போடும்? அத்தனையும் தேங்காய்ச் சிரட்டை!

ரூபாய் அகலத்துக்கு வட்டமாக நறுக்கி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நடுவில் ஒரு வேல் சூடு போட்டிருந்தது. ஒரு வில்லை ஓரணா. அவள் இட்லிக் கடையில் கொடுத்தால் நாலு இட்லி.

1943, ஆனி மாசம். குற்றாலத்துச் சீசன் கேசுகளை விசாரிக்க ஒரு வாடகைக் கட்டடத்தில் தற்காலிகமாகப் போட்ட கோர்ட் அது. மாஜிஸ்திரேட் ஹரிஹரசுப்பிரமணியன் காலையில் ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, காது மடலில் எண்ணெய் மினுங்க, அரைமணி தாமதமாகத்தான் வந்திருந்தார். குவியலில் இருந்து ஒரு வில்லையை எடுத்தார். கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார், விரலைப் பார்த்தார், குவியலிலேயே போட்டுவிட்டார். கூண்டில் நின்ற சொக்கம்மாள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஜெயிலுக்கு அவள் பயப்படவில்லை. கடையைப் பூட்டிவிடுவார்களோ என்றுதான் பயம். அதை விட்டால் அவளுக்கு வேறு நாதி கிடையாது. அதற்காக அதை முகத்தில் காட்டிவிடுகிற பொம்பளையா அவள்!

"நீ துட்டு அடித்தது உண்டா, இல்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"துட்டு எங்கய்யா அடிச்சேன்? சிரட்டை நறுக்குனேன்."

"எதுக்கு நறுக்கினே?"

"சில்லறை இருந்தா நான் ஏன் நறுக்குதேன்? செர்மன் சண்டை வந்தாலும் வந்துச்சு, காலணா, அரையணா ஒண்ணையும் கண்ணால காங்கலை. நாலு இட்லியத் தின்னுட்டு ஒரு ரூபா நோட்டை நீட்டுதாவ. பாக்கிக்கு நான் எங்க போவேன்? இந்தா சாட்சி சொல்ல வந்து நிக்காவளே சங்கரபாண்டி அண்ணாச்சி, இவுக மளிகைக்கடைல மூட்டை மூட்டையாச் சில்லறை தூங்குது. பதினாறணா ரூபா நோட்டுக்குப் பதிமூணணாதான் தருவாகளாம். பதுக்குனவுக சாட்சி, நறுக்குனவ குத்தவாளியா? நல்லாருக்குய்யா உங்க ஞாயம்!"

கோர்ட்டே சிரித்தது. சங்கரபாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எசமான், இது அவ கடையோட நிக்கலை," என்றார் இன்ஸ்பெக்டர். "குதிரைவண்டிக்காரன் வாங்குகிறான். பழக்காரி வாங்குகிறாள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் வாங்குகிறான், பாக்கியும் இதிலேயே கொடுக்கிறான். ராஜாவின் நாணயத்துக்கே போட்டி! இப்போ இதுக்கும் கள்ள வில்லை வந்தாச்சு. எவனோ கரியால வேல் வரைந்து விடுகிறான்."

"கள்ளத்தைப் பிடிக்க எங்க சனத்துக்குத் தெரியும்," என்றாள் சொக்கம்மாள். "கட்டைவிரலால தேச்சுப் பாத்தாக் கரி ஒட்டிரும். என்னோடது ஒட்டாது. சூடு போட்டதாக்கும்!"

மாஜிஸ்திரேட் கனைத்தார். வில்லைகளைச் சாக்கில் அள்ளிக் கட்டி அரக்கு முத்திரை வைக்கச் சொன்னார். அப்புறம் தீர்ப்பை வாசித்தார்.

"இது நாணயமே அல்ல, வெறும் சிரட்டை. புத்தியுள்ள எவனும் இதைக் கையால் தொடமாட்டான். பாமர ஜனங்களை ஏமாற்றிய குற்றத்துக்கு ஐம்பது ரூபாய் அபராதம். அதைக் கட்டுகிற வரைக்கும் கடையைப் பூட்டி வைக்க வேண்டியது."

பூட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கட்ட மாட்டேன்! பசிச்சு வந்தவுகளுக்கு இட்லி போட்டதுக்கு அபராதமா? மேல்கோர்ட்டுக்குப் போவேன். வண்டிக்குத் துட்டு இல்லேன்னாலும் திருநெல்வேலிக்கு நடந்தே போவேன். நீங்க வாசிச்சதை எழுதிக் குடுங்க."

"நகலுக்குப் பதினைந்தணா ஆகும்," என்றார் குமாஸ்தா பிச்சைமணி.

முந்தி முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினாள். பிச்சைமணி மேசை இழுப்பறையைத் திறந்து துழாவினார். சட்டைப் பையைத் துழாவினார். ஓரணா அகப்படவில்லை.

"ஓரணாதானே, போகுது போம்மா."

"ஏன் போகணும்? சர்க்கார் கிட்டயே சில்லறை இல்லையா? அப்போ என்னைய மட்டும் ஏன் கூண்டுல ஏத்துனிய? பாக்கிய வையும், வச்சிட்டுப் பேசும்."

மறுபடியும் சிரிப்பு. மாஜிஸ்திரேட்டுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரம் வேறு தாண்டிப் போயிருந்தது.

"சைலன்ஸ்! ஓரணாவுக்கா இத்தனை கூத்து? இந்தா, தொலை!"

கோட்டுப் பைக்குள் கையை விட்டு, எடுத்ததைப் பார்க்காமலே அவளை நோக்கி மேசையில் விட்டெறிந்தார்.

டொக்!

உருண்டு போய் மைக்கூட்டில் முட்டிக் கவிழ்ந்தது. மேல்பக்கம் வேல் தெரிந்தது.

பிச்சைமணி அரக்கு முத்திரை வைத்த சாக்கைப் பார்த்தார். கட்டு அவிழாமல் அப்படியே இருந்தது. சொக்கம்மாள் கையை நீட்டி வில்லையை எடுத்தாள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள், விரலைப் பார்த்தாள். கரி ஒட்டவில்லை. அவளுடையதேதான்.

மெதுவாகக் கூண்டின் ஓரத்துக்கு நகர்ந்து நின்றாள்.

"இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கு, வாங்க எசமான்."