அந்தக் கார் போதும்

"வீட்டுக்கு முன்னால இன்னொரு வீட்டைக் கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கிறான், பாத்தனியே?"

மாடியறை யன்னல் திரையை விலக்கிப் பிடித்தபடி சண்முகராசா கேட்டார். அவர் மனைவி ஜெயகௌரி கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தாள்.

பக்கத்து வீட்டுச் சவிரிமுத்து ஜெர்மனியிலிருந்து மிச்சம் என்ற இந்த ஊருக்கு வந்து ஏழு வருடம். குழாய் வேலை செய்கிறவன். இப்போது ஒரு கரவன், காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் வீட்டு வண்டி, வாங்கியிருந்தான். பழையதுதான். ஆனால் உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருந்தன.

சண்முகராசா முப்பது வருடமாக ஊர்வலம் நடத்தியவர், துண்டுப்பிரசுரம் எழுதியவர். அவருக்கு மிஞ்சியது முன்னறை நிறையப் பிரசுரக் கட்டுகள்.

"ஊரில மே மாதத்து யுத்த அழிவு நடந்து ரெண்டு மாதம் ஆகேல்லை. சனம் முள்ளுக்கம்பிக்குள்ள கூடாரத்தில கிடக்குது. பாராளுமன்றத்துக்கு முன்னால நாங்கள் நிண்ட இடத்தில புல்லு இன்னும் முளைக்கேல்லை. இவருக்கு உல்லாசம். ஊர் சுத்தப் போறதுக்கும் கக்கூஸைக் கட்டி இழுக்கவேணுமாம்."

"மெதுவாக் கதையுங்கோ. கேக்கப்போகுது."

"கேக்கட்டும்."

கதவு மணி அடித்தது. இறங்கிப் போய்த் திறந்தால் சவிரிமுத்து.

"அண்ணை, ஒரு யோசனை கேக்க வந்தனான். நீங்கள் முந்தி ஊர்வலங்களுக்கு ஜெனரேற்றர் ட்ரெய்லர் இழுத்தனீங்கள் எண்டு கார் விக்கிற சேகர் சொன்னவன்."

"பதினெட்டு வருசம் இழுத்தனான். என்ர சொந்த வான் வண்டியில. ஜெனீவா வரைக்கும்."

"அதுதான் உங்களிட்ட வந்தனான். சேகரிட்ட ரெண்டு வாகனம் விக்கிறதுக்கு நிக்குது. ஒண்டு எஸ்டேட் கார், பின்பக்கம் நீண்டது. மற்றது டீசல் ஜீப், விலை கொஞ்சம் கூட. கரவன் சாமானோட ஆயிரத்து நானூறு கிலோ வரும். எதை வாங்க?"

சண்முகராசாவுக்கு விடை தெரியும்: ஜீப்தான். அந்தக் காரும் கரவனும் ஏறக்குறைய ஒரே பாரம். பின்னால் வருவது பாரமென்றால் முன்னால் போவதை அது ஆட்டிவிடும். ஒருமுறை பர்மிங்ஹாம் போகும் வழியில் ட்ரெய்லர் அவரை நெடுஞ்சாலையின் மூன்று பாதைகளிலும் இழுத்து எறிந்திருக்கிறது.

ஆனால் கரவனுக்கு முன்னால் ஒரு ஜீப்பும் வந்து நிற்பதை நினைத்தார். நெஞ்சு காந்தியது.

"கார் போதும்," என்றார்.

"ஜீப் தேவையில்லையோ?"

"ஜீப் நாலு பேருக்குக் காட்டுறதுக்கு. உமக்குக் காட்டவேணுமெண்டால் வாங்கும்."

சவிரிமுத்து சிரித்தான். "சீ, அப்பிடியில்லை அண்ணை. கரவன் ஆடாமல் பிடிக்கிற கொளுக்கி ஒண்டு இருக்காமே, அதைப் பூட்டச் சொல்லட்டோ?"

"விக்கிறவன் ஆயிரம் சொல்லுவான். சும்மா கொளுக்கியே காணும்."

"நீங்கள் சொன்னால் சரி."

கார் ஏதாவது மேட்டில் மூச்சு வாங்கி நிற்கட்டும். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிக்கட்டும். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று சண்முகராசா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு உட்கார்ந்து ஒரு பிரசுரம் எழுதினார். தலைப்பு: 'கூடாரத்தில் மக்கள், கரவனில் கனவான்கள்.' நல்ல தலைப்பு என்று அவருக்கே பட்டது. இருநூறு பிரதி எடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை மறுபடி மணி அடித்தது. வீதியில் எஸ்டேட் கார், பின்னால் பூட்டிய கரவன். சவிரிமுத்துவும், சாப்பாட்டுப் பெட்டியோடு அவன் மனைவி டொலறஸும் வாசலில் நின்றார்கள்.

"இந்தாங்கோ அண்ணை, கார்ச் சாவி."

"எனக்கேன்?"

"பிரைட்டன் பக்கம் கரவன் பார்க்கில ரெண்டு நாளுக்குப் பதிஞ்சிருக்கிறன். நான் லைசன்ஸ் எடுத்தது ரெண்டாயிரத்தி நாலில. தொண்ணூற்றேழுக்குப் பிறகு எடுத்த ஆக்கள் இவ்வளவு பாரம் இழுக்கேலாதாம். உங்கடை பழைய லைசன்ஸ். நீங்கள்தான் ஓட்டவேணும்."

"நீங்கள் உல்லாசம் போக நான் டிரைவரோ?"

"நாங்கள் வரேல்லையே அண்ணை. எனக்கு இண்டைக்கு வேலை."

பின்னால் படியில் சத்தம் கேட்டது. ஜெயகௌரி கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் போடுகிற சப்பாத்தைப் போட்டிருந்தாள்.

"டொலறஸிட்ட ஒருநாள் வாய்தவறிச் சொல்லிப்போட்டன்," என்றாள். "கடலைப் பாத்து மூண்டு வருசமெண்டு. இந்தச் சலம் போற குளிசை போட்டால் அரை மணித்தியாலத்துக்கொருக்கா கக்கூசுக்குப் போகவேணும், பஸ்ஸில ஏலாது, ரெயின் கக்கூஸை நம்பேலாது எண்டு."

"அதாலதான் அக்கா, உள்ளுக்குக் கக்கூஸ் இருக்கிறதாத் தேடி வாங்கினனான்," என்றான் சவிரிமுத்து. "நினைச்ச இடத்தில ஓரமா நிப்பாட்டலாம். முதல் பயணம் உங்கடை. நான் இழுவைச் சோதினை பாஸ் பண்ணினாப் பிறகு நாங்கள்."

டொலறஸ் ஜெயகௌரியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன் இருக்கையில் ஏற்றினாள். பெல்ட்டை ஜெயகௌரி தானே இழுத்துப் பூட்டிக்கொண்டாள்.

"இவர் எவ்வளவு தூரம் இழுத்த மனிசன்," என்றாள் டொலறஸிடம். "எனக்குப் பயமில்லை."

சண்முகராசா சாவியும் கையுமாக வாசலிலேயே நின்றார். கரவனின் பாரத்தில் காரின் பின்புறம் தாழ்ந்து, மூக்கு மேலே தூக்கி நின்றது. நடுவில் அந்தச் சும்மா கொளுக்கி.

"என்ன அண்ணை யோசிக்கிறியள்?"

அவர் சாவியைத் திருப்பி நீட்டினார்.

"தம்பி, சேகரிட்ட அந்த ஜீப் இன்னும் நிக்குதோ?"